300 பெரிதா, 250 பெரிதா? முதல் சூம் லென்ஸ் வாங்குவதற்கு முன்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அக்காவின் மகனுக்கு ஒரு கமரா கிடைத்தது. கனடாவில் இருந்து வந்த அவனுடைய பெரியப்பா, தான் பாவித்த கெனன் 700டி கமராவை அதனுடன் வந்த 18-55 லென்ஸோடு கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கிழமை கழித்து வெள்ளவத்தையில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு கடதாசியோடு வந்தான். அதில் நான்கு லென்ஸ்களின் பெயரும் பக்கத்தில் விலையும் எழுதியிருந்தன: கெனன் 55-250, கெனன் 75-300, கெனன் 18-135, டாம்ரோன் 18-200. 75-300க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம்.

“மாமா, இதில எது நல்லம்? இந்த 75-300தான் விலையும் குறைவு, நம்பரும் பெரிசு.”

புதிதாகக் கமரா எடுக்கும் எல்லோருக்கும் வருகிற கேள்விதான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே நட்சத்திரத்தைப் போட்டு அதே லென்ஸை வாங்கியவன் நான். அதனால் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன். எடுத்த படம் ஒவ்வொன்றிலும் அது எத்தனை மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகி இருக்கும். படத்தின் மேல் வலது கிளிக் செய்து விவரங்களைப் பார்த்தால் குவியத் தூரம் என்று ஓர் எண் தெரியும். லென்ஸின் பெயரில் வருவதும் இந்த எண்தான், அது கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். நூறு படங்களை அப்படிப் பார்த்தாலே போதும், உங்கள் பழக்கம் தெரிந்துவிடும். அவனுடைய படங்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. வீட்டுக்குள் எடுத்தவை, அம்மம்மாவின் பிறந்தநாள், கொட்டாஞ்சேனைக் கோயில் வாசல் எல்லாம் 18இல். பேரை வாவிக் கூழைக்கடாக்களும் காலிமுகத்திடலில் பறந்த பட்டங்களும் 55இல். இடையில் உள்ள எண்களில் படங்கள் குறைவு.

55இல் எடுத்தவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கூழைக்கடா படத்தில் வாவி இருந்தது, எதிர்க்கரைக் கட்டடங்கள் இருந்தன, பறவை ஒரு மூலையில் வெள்ளைப் புள்ளியாக நின்றது. அவனுக்குக் கை எட்டவில்லை. ஆகவே சூம் லென்ஸ் வேண்டும் என்ற ஆசை சும்மா வந்தது இல்லை. ஆனால் எட்டாமல் போன படங்களில் பாதி பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுத்தவை. எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு முன்னால் எந்த வெளிச்சத்தில் என்ற கேள்வி நிற்கிறது. கடைகளில் நான் கேட்டவரை முதல் கேள்வியை மட்டும்தான் பேசுகிறார்கள்.

தூரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 700டி போன்ற கமராக்களுக்குள் படத்தைப் பதியும் சென்சர் 22.3 மில்லிமீற்றர் அகலம். பத்து மீற்றருக்கு அப்பால் நிற்கிற ஒன்றைப் படம் எடுத்தால், 18 மில்லிமீற்றரில் பன்னிரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம் படத்துக்குள் வரும். 55இல் நான்கு மீற்றர். 135இல் 1.65 மீற்றர். 250இல் 89 சென்ரிமீற்றர். 300இல் 74 சென்ரிமீற்றர்.

இந்தக் கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். 250க்கும் 300க்கும் நடுவே பத்து மீற்றரில் வெறும் 15 சென்ரிமீற்றர்தான் வித்தியாசம், ஒரு சாண் கூட இல்லை. எடுத்த படத்தைப் பிறகு கொஞ்சம் வெட்டினாலே அது சரியாகிவிடும். வாவிக் கரையில் இருபது மீற்றரில் நிற்கும் கூழைக்கடா ஏறத்தாழ 1.4 மீற்றர் நீளம். 250இல் படத்தின் அகலம் அந்தத் தூரத்தில் 1.8 மீற்றர். பறவை சட்டம் நிறைய வந்துவிடும். அதற்கு மேலே ஓர் ஐம்பது கிடைக்கிறது என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதுதான் 75-300.

மற்ற எல்லாம் என்றால் என்ன? முதலாவதும் பெரியதும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர். கெனன் இதை ஐ.எஸ். என்று லென்ஸின் மேலேயே எழுதிவைக்கும். 55-250இல் அது இருக்கிறது, இப்போது கடைகளில் கிடைக்கும் 75-300இல் இல்லை. தூரத்தை இழுக்க இழுக்க கையின் நடுக்கமும் அதே அளவில் பெரிதாகும். பழைய ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மில்லிமீற்றரை 1.6ஆல் பெருக்கு, ஷட்டர், அதாவது வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவு, செக்கனில் அத்தனையில் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்கக் கூடாது. 300 என்றால் 480, அதாவது செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு. நல்ல வெயிலில் அது பிரச்சினையே இல்லை. மப்புப் போட்ட நாளில், மரத்தடியில், அந்தி நேரத்தில் அந்த வேகம் கிடைக்காது. 55-250இன் புதிய பதிப்பான எஸ்.டி.எம். லென்ஸின் ஸ்டெபிலைசர் மூன்றரை ஸ்டொப் தாங்கும் என்று கெனன் சொல்கிறது, ஒரு ஸ்டொப் என்றால் ஷட்டரை இரண்டு மடங்கு மெதுவாக்கலாம். நானூறில் ஒரு பங்கு தேவைப்பட்ட இடத்தில், ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு வரைக்கும் கையில் பிடித்தே எடுக்கலாம்.

இது எனக்குப் படித்து வந்த அறிவு இல்லை. 2012இல் ஒரு கடையில் 75-300ஐ வாங்கினேன். “அண்ணை, 250ஐ விட 300 கூடத்தானே” என்று கடைக்காரர் சொன்னார், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ஆண்டு ஆடிவேல் திருவிழா பார்க்க அதையே கொண்டு போனேன். செட்டியார் தெருவில் புறப்பட்ட தேர் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வெள்ளித் தேர், தீவட்டி, தெருவிளக்கு, நாதஸ்வரம், முன்னால் காவடி. தேர் தூரத்தில் வரும்போது 300இல் இழுத்து எடுத்தேன். கமராவின் பின்திரையில் வடிவாகத்தான் தெரிந்தது. அது சின்னத் திரை, எல்லாப் படமும் வடிவாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், தேரின் உச்சியில் இருந்த ஒவ்வொரு விளக்கும் ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, முழுக்க அப்படித்தான். தேர் பக்கத்தில் வந்தபோது இன்னொரு தொல்லை. ஆறு மீற்றரில் தேர், கையில் குறைந்தபட்சம் 75. சட்டத்துக்குள் ஒரு சில்லும் இரண்டு தோள்களும்தான் வந்தன. லென்ஸை மாற்ற அந்தச் சனத்துக்குள் கை அசைக்க இடம் இல்லை. அம்மா கடைசியாக எங்களோடு வந்து பார்த்த வேல் அது. தேருக்கு முன்னால் அவர் கற்பூரச் சட்டி பார்த்துக் கும்பிட்டு நின்ற படம் ஒன்று இருக்கிறது, முகம் தெளிவாக இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தை நான் விட்டுப்பிடித்துப் பேசுவதில்லை.

75-300இன் மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் மூன்றாவது பதிப்பு 1999இல் வந்தது, ஃபிலிம் காலத்து வடிவமைப்பு. 300இல் படம் மெத்தென்று இருக்கும். வெள்ளைப் பறவை, வெயிலில் தகரக் கூரை, வானத்துக்கு எதிரே தென்னோலை என்று வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரங்களில் ஊதாக் கோடு விழும். ஃபோகஸ் செய்யும்போது சத்தம் கேட்கும், முன் கண்ணாடி சுற்றும். கடலையும் வானத்தையும் எடுக்க, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடுகிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல், ஒவ்வொரு தடவையும் ஃபில்டரைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒன்றரை மீற்றருக்குக் கிட்டப் போனால் ஃபோகஸ் பிடிக்காது. 55-250 எஸ்.டி.எம். 85 சென்ரிமீற்றர் வரை போகும். விகாரமகாதேவிப் பூங்காவில் பூவில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு அந்த வித்தியாசம் போதும். எடையும் அப்படியே: ஒன்று 480 கிராம், மற்றது 375.

அப்படியானால் 75-300ஐ யாருமே வாங்கக் கூடாதா? மார்ச் மாத வெயிலில் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டியைப் பவிலியனில் இருந்து எடுக்கிறவருக்கு அது வேலை செய்யும். எஃப் 8 (லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கிறது என்ற எண், சின்ன எண் என்றால் பெரிய துவாரம்), ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் ஸ்டெபிலைசர் இல்லாத குறை தெரியாது. கமராவோடு சேர்த்து இலவசமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

55-250 என்று தேடினால் இரண்டு மூன்று வகை கண்ணில் படும். 2013இல் வந்த எஸ்.டி.எம். என்ற பதிப்பைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு முந்திய ஐ.எஸ். இரண்டாம் பதிப்பும் பாவித்த சந்தையில் நிறைய உண்டு. எண் ஒன்றுதான், விலையும் பெரிதாக விலகாது. ஆனால் புதியதில் படம் கூர்மை, ஃபோகஸ் சத்தமே இல்லாமல் நடக்கும், முன் கண்ணாடி சுற்றாது. காணொளி எடுக்கிற பிள்ளைகளுக்கு இது முக்கியம். பழையதில் எடுத்த காணொளியில் மோட்டரின் ‘கிர்’ என்ற சத்தம் பேச்சோடு சேர்ந்து பதிவாகும். லென்ஸின் உடம்பில் எஸ்.டி.எம். என்ற மூன்று எழுத்து அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் அந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

18-135க்கு வருவோம். நல்ல லென்ஸ், எனக்குப் பிடித்த லென்ஸும்கூட. 18இல் கலியாண வீட்டு மணவறை முழுவதையும் எடுத்து, அதே மூச்சில் 135க்கு இழுத்து மணப்பெண்ணின் கண்ணை எடுக்கலாம். புறக்கோட்டையில் நடந்து படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் செம்பள்ளிவாசலுக்கு முன்னால் நாட்டாமைமார் கைவண்டி தள்ளிக்கொண்டு வரும்போது லென்ஸ் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. நின்றாலும் அங்கே பறக்கும் தூசி கமராவுக்குள்தான் போய் உட்காரும். காலிமுகத்திடலில் தூசிக்குப் பதிலாக உப்புக் காற்று.

ஆனால் ஒன்று. கையில் ஏற்கனவே 18-55 இருக்கிற ஒருவர் 18-135 வாங்கினால், பாதிக் காசு உள்ளதையே திரும்ப வாங்கப் போகிறது. 135 பேரை வாவிப் பறவைக்கும் போதாது. கமராவே இன்னும் வாங்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது 18-55 போட்ட கமராவைத் தேடாமல் 18-135 போட்ட கமராவைத் தேடுங்கள், பிறகு ஓர் ஆண்டுக்கு எதையும் யோசிக்கத் தேவையில்லை. மருமகன் விஷயத்தில் அந்தப் பஸ் போய்விட்டது.

டாம்ரோன் 18-200உம் அதன் அண்ணன்மார் 16-300, 18-400 ஆகியவையும் வேறு வகை. எல்லாத் தூரத்தையும் ஒரே குழாயில் அடைத்தவை. இப்படி அடைக்கும்போது எங்கோ விட்டுக்கொடுக்க வேண்டும், இழுத்த முனையில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். 18-200ஐ 200இலும் 55-250ஐ அதே 200இலும் வைத்து ஒரே பறவையை எடுத்துப் பாருங்கள், இறகின் கோடுகளில் வித்தியாசம் தெரியும். 18-400 எழுநூறு கிராமுக்குச் சற்று மேல், 700டி கமராவே 580 கிராம்தான். கழுத்தில் போட்டால் மூக்கு நிலத்தைப் பார்த்துத் தொங்கும். இந்த வகைக்கு நான் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் ஆம் என்று சொல்வேன்: யால வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறவருக்கு. அங்கே ஜீப்பின் பின்னால் எழும்பும் செம்மண் தூசியில் லென்ஸ் மாற்றவே கூடாது. சிறுத்தை எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட வரும் என்றும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை யால போகிறவர் அதற்காக ஒன்றை வாங்குவதைவிட அந்த இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது நல்லது.

கெனனின் 70-300 ஐ.எஸ். இரண்டாம் பதிப்பு, 2016இல் வந்தது, இந்தக் கூட்டத்தில் எல்லாவற்றையும் விட மேல். விலையும் அப்படியே. முதல் லென்ஸுக்கு அவ்வளவு தேவையில்லை.

இப்போது வெளிச்சம். இதைத்தான் நான் அவனோடு அதிக நேரம் பேசினேன், ஏனென்றால் அவனுடைய கடதாசியில் இல்லாத லென்ஸ் இங்கேதான் வருகிறது. கொழும்பில் இருக்கிற எங்கள் ஆட்கள் கமராவைத் தூக்கும் சந்தர்ப்பங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கோயிலின் உள்வீதி, சாமத்திய வீடு, கலியாண மண்டபம், அரங்கேற்றம், தொடர்மாடி வீட்டுக் குசினியில் பொங்கல் பானை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி. முக்கால்வாசி கூரைக்குக் கீழே, அல்லது இருட்டிய பிறகு. இங்கே பகலும் நீளாது. வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குச் சூரியன் விழுந்துவிடும், அதன் பிறகு வெளிச்சம் கெதியாகப் போய்விடும்.

இதுவரை சொன்ன எல்லா சூம் லென்ஸும் இழுத்த முனையில் எஃப் 5.6 அல்லது அதைவிட இருட்டு. கோயில் மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ. என்ற வெளிச்ச உணர்திறனை 3200இல் வைத்தால் எஃப் 5.6இல் அறுபதில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று வையுங்கள். கை நடுக்கத்தை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். ஐயரின் கையில் சுழலும் தீபத்தை அது நிறுத்தாது. ஓடுகிற பிள்ளையையும் நிறுத்தாது. அசைகிறவற்றை நிறுத்த ஷட்டர் வேகம்தான் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். அதே இடத்தில் எஃப் 2.8 திறக்கிற லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அறுபதில் ஒரு பங்கு இருந்த இடத்தில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு. தீபம் நிற்கும், தீச்சுடரின் நாக்கும் தெரியும்.

சிக்மா 17-50 எஃப் 2.8 அப்படிப்பட்ட லென்ஸ். 2010இல் வந்தது, ஸ்டெபிலைசர் உள்ளது, 17 முதல் 50 வரை எங்கே வைத்தாலும் 2.8 குறையாது. 565 கிராம், முன் கண்ணாடி 77 மில்லிமீற்றர், பார்க்கவே கனமான சாமான். கலியாண வீடுகளுக்குக் காசுக்குப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், 55-250ஐ இல்லை. சூம் என்ற பெயர் இருந்தாலும் தூரத்தை இது கொண்டுவராது. கையில் இருக்கிற 18-55இன் அதே எல்லைதான், ஆனால் இருட்டில் வேலை செய்கிற 18-55.

அரங்கேற்றத்துக்கு என்ன செய்வது? சரஸ்வதி மண்டபத்தில் ஐந்தாம் வரிசையில் இருந்து மேடை எட்டு மீற்றர் என்று வையுங்கள். 50இல், கமராவை நெடுக்காகப் பிடித்தால் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரம் சட்டத்துக்குள் வரும். ஆடுகிற பிள்ளை தலையில் இருந்து சலங்கை வரை முழுதாக வரும், கை நீட்டினாலும் வெட்டுப்படாது. முகபாவம் மட்டும் வேண்டும் என்றால் 55-250தான் எட்டும், எஃப் 5.6தான் கிடைக்கும். அப்போது ஒரு வழி இருக்கிறது. ஜதி தீர்மானத்தில் முடிந்து பிள்ளை ஒரு கணம் அப்படியே தரித்து நிற்பாள். அந்தக் கணத்துக்குக் காத்திருந்து அழுத்த வேண்டும். மிருதங்கத்தைக் கவனித்துக் கேட்கிறவருக்கு அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். இப்படி எடுத்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு, அவற்றில் ஒன்றுகூட இழுபடவில்லை.

17-50க்குக் காசு போதாதா? கெனன் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். இருக்கிறது. இது சூம் இல்லை, ஒரே தூரம்தான், முன்னும் பின்னும் நடக்க வேண்டும். 160 கிராம், சட்டைப் பைக்குள் போகும். எஃப் 5.6ஓடு பார்த்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். கெனனின் லென்ஸ்களில் மிக மலிவானவற்றில் ஒன்று. சூம் லென்ஸ் பற்றிய பேச்சில் இது ஏன் என்று கேட்கலாம். 55-250ஐயும் இதையும் பாவித்தவையாகச் சேர்த்து வாங்கினால், புதிய 17-50ஐ விட மலிவாக முடியும், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் கைக்கு வரும். நான் மருமகனுக்குச் சொன்னது இந்தச் சோடியைத்தான். ஒரே லென்ஸ்தான் வாங்குவேன், ஆனால் அது எல்லாம் செய்ய வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

சின்ன அறைகளில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: கெனன் 10-18 லென்ஸ். மூன்று மீற்றரில் சுவரோடு முதுகு ஒட்டி நின்று எடுத்தால் 18இல் 3.7 மீற்றர் அகலம், 10இல் 6.7 மீற்றர். மேலே 250க்கும் 300க்கும் நடுவே ஐம்பது மில்லிமீற்றர் ஒரு சாணைக் கூடத் தரவில்லை, இங்கே எட்டு மில்லிமீற்றர் மூன்று மீற்றரைத் தருகிறது. 240 கிராம்தான். வெள்ளவத்தை ஃப்ளட்டுகளில் வீடு விற்க, வாடகைக்கு விடப் படம் எடுக்கிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நிக்கோன் வைத்திருக்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கண் திறந்து இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டர் கிடையாது. ஏ.எஃப். என்று மட்டும் எழுதிய பழைய லென்ஸை மலிவாகக் கண்டு வாங்கினால் மாட்டலாம், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏ.எஃப்-எஸ். அல்லது ஏ.எஃப்-பி. என்று இருக்க வேண்டும். ஏ.எஃப்-பி. வகையிலும் டி3100, டி5100 போன்ற பழைய கமராக்களில் ஃபோகஸ் நடக்காது. டி3300, டி5300இல் இருந்து மேலே, கமராவின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டால் பயம் இல்லை. ஏ.எஃப்-பி. வகையில் 70-300 இரண்டு விதமாக வருகிறது, பார்வைக்கு அப்படியே ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் வி.ஆர். என்ற எழுத்து உண்டு, மற்றதில் இல்லை. வி.ஆர். என்பதுதான் நிக்கோனின் ஸ்டெபிலைசர். எழுத்து உள்ளதை வாங்கினால் 55-250க்குச் சமமான, தூரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடிய லென்ஸ் கிடைத்துவிடும்.

700டி போல உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கமராக்களின் காலம் முடிகிறதே, இப்போது லென்ஸில் காசு போடலாமா என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கெனனும் நிக்கோனும் புதிதாகச் செய்வதெல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள்தான். ஆனால் நாளைக்கு அவன் கெனன் மிரர்லெஸ் ஒன்றுக்குப் போனாலும், கெனனே விற்கும் ஓர் அடப்டரைப் போட்டால் இந்த 55-250உம் 50உம் அதில் ஃபோகஸோடு வேலை செய்யும், 55-250இன் ஸ்டெபிலைசரும் வேலை செய்யும். பழைய கமராவோடு லென்ஸும் போய்விடும் என்ற பயம் வேண்டாம். டி.எஸ்.எல்.ஆரை விட்டுப் போகிறவர்கள் தங்கள் லென்ஸ்களை விற்பதால் பாவித்த சந்தையில் நல்ல சாமான் கிடைக்கிறது.

அந்தச் சந்தைதான் எங்களுக்கு இப்போது வழி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு புதிய லென்ஸ் விலை கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது. பாவித்ததை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை, பார்க்கத் தெரிந்தால்.

கொழும்பில் முதலில் பார்க்க வேண்டியது பங்கஸ், அதாவது பூஞ்சணம். எங்கள் காற்றின் ஈரம் அப்படி. 2020 ஊரடங்கில் என்னுடைய 18-55 மூன்று மாதம் பைக்குள், அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்தபோதுதான் உள்ளே, இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில், தலைமயிரை விட மெல்லிய வெள்ளை இழைகள் ஒரு புள்ளியில் இருந்து கிளைவிட்டுப் போயிருந்தன, ஈரச் சுவரில் பாசி படர்வதுபோல. வெளியில் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, உள்ளே இருக்கிறது. கழற்றித் துப்புரவாக்கக் கேட்ட காசுக்கு இன்னொரு 18-55 வாங்கலாம் போல இருந்தது.

அதனால் பாவித்த லென்ஸ் பார்க்கப் போகும்போது கையடக்கத் தொலைபேசியின் விளக்கைப் போட்டு, பின்பக்கத்தில் இருந்து சரிவாக அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். பிறகு திருப்பி முன்னால் அடித்துப் பின்னால் பாருங்கள். ஓரிரண்டு தூசித் துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், அது படத்தில் விழாது. இழை, மூட்டம், எண்ணெய்ப் படலம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும். உங்கள் கமராவைக் கட்டாயம் கொண்டு போங்கள். மாட்டி, 250இல் இழுத்து, நாற்பதில் ஒரு பங்கில் ஸ்டெபிலைசரைப் போட்டு ஐந்து படம், நிறுத்தி ஐந்து படம். போட்டவை தெளிவாகவும் நிறுத்தியவை இழுபட்டும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இழுபட்டால் ஸ்டெபிலைசர் செத்துவிட்டது. லென்ஸை நிலத்தைப் பார்க்கப் பிடியுங்கள், தானாக நீண்டு விழுந்தால் உள்ளே தளர்ந்துவிட்டது. விற்கிறவர் அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

வாங்கிய பிறகு கமராப் பைக்குள் வைக்காதீர்கள், பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியும் அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். இன்னொன்று, ஏசி அறையில் இருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்கப் பனி பிடிக்கும். பைக்குள் வைத்தபடியே இருபது நிமிடம் வெளியில் விட்டு, பிறகு திறவுங்கள்.

போன சனிக்கிழமை மருமகனும் நானும் தெஹிவளையில் ஒரு வீட்டுக்குப் போய் 55-250 எஸ்.டி.எம். ஒன்றைப் பார்த்தோம். விளக்கடித்துப் பார்த்தான், பத்துப் படமும் எடுத்துப் பார்த்தான், விற்கிற அன்ரி தேத்தண்ணீர் தந்துவிட்டுப் பொறுமையாக இருந்தார். கண்ணாடி சுத்தம். 75-300க்கு அவன் ஒதுக்கி வைத்திருந்த காசுக்குள் முடிந்தது, திரும்பி வரும் வழியில் சிலிக்கா ஜெல்லும் வாங்கினோம். 50 எஃப் 1.8க்குத் தைப்பொங்கல் வரை காசு சேர்க்கிறானாம். லென்ஸ் இப்போது அக்காவின் குசினி இறாக்கையில், நீல மூடி போட்ட பெட்டிக்குள், பருப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.